போட்ட முடிச்சு அவிழும் வரை

அம்மாவும் மகளும் சேர்ந்து கடைசியாகச் செய்த வேலை, பழைய செய்தித்தாள் வெட்டியது. ஞாயிற்றுக்கிழமை காலை. சமையலறை மேசையில் ஒரு கட்டு, தரையில் இரண்டு கட்டு. மீன் பைகளைப் பெட்டிக்குள் அடுக்கும்போது ஒன்றோடொன்று உரசாமலிருக்க நடுவில் தாள் வைக்க வேண்டும். தாள் பையைவிட நான்கு விரல் பெரிதாக இருக்க வேண்டும். வெட்டித் தர, அம்மா மீன் கட்டுகிற ஷெட்டில் ஆள் உண்டு. அவர் வெட்டினால் ஓரம் கோணிக்கொண்டு வருகிறது என்று அம்மா அந்த வேலையை வீட்டுக்குத் தூக்கி வந்து பல வருஷம் ஆகிவிட்டது. அன்றிலிருந்து அப்பா வெட்டின தாளைத்தான் படிக்கிறார். எந்தச் செய்திக்கும் அவருக்கு முடிவு தெரியாது. மீனுக்குத்தான் முழு விவரமும் தெரியும் என்பார்.

மகள் மடித்தாள், அம்மா வெட்டினாள். மகளுக்கு அன்று மதியம் ஊர் திரும்ப விமானம். எத்தனை மணி நேரம் என்று அம்மா கேட்டாள்.

"மூணு மணி அம்பது நிமிஷம்."

"அது விமானத்தோட கணக்கு. உன் கணக்கைச் சொல்லு."

இந்த வாசலிலிருந்து அந்த வாசல் வரை மகள் மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள். "ஒன்பதரை."

"ஆங். அப்ப ஒன்பதரை மணி நேரத்துக்குத் தாங்கற மாதிரி சாப்பிட்டுட்டுக் கிளம்பு. பட்டினி போட்டு அனுப்பறதெல்லாம் மீனைத்தான்."

அடுத்த கட்டைப் பிரித்தார்கள். பிறகு அம்மா, தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், மேற்கே போகும் பெட்டியை இந்த வாரமும் ஏழாம் நம்பர் பெண்தான் கட்டினாள் என்றாள். தான் பக்கத்தில் நின்று பார்த்ததாகவும், அந்தப் பெண் நன்றாகவே கட்டினாள் என்றும் சொன்னாள். தான் வருஷக் கடைசியோடு வேலையிலிருந்து நின்றுகொள்வதாக முதலாளியிடம் சொல்லியாகிவிட்டதாம். "அதுக்குள்ள அங்க ஒரே ஒரு பெட்டி..." என்று ஆரம்பித்தவள் பாதியில் விட்டுவிட்டு, மகள் கையிலிருந்த தாளைப் பிடுங்கினாள். ஒரே தாளை மகள் இரண்டு முறை மடித்திருந்தாள்.

அம்மா பாதியில் விட்ட வாக்கியத்தின் மீதி என்ன என்று அந்த வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும். மகள் அதைப் பத்தொன்பது வருஷமாகச் சுமக்கிறாள்.

அம்மாவின் வேலை வண்ண மீன்களைப் பையில் கட்டி விமானத்தில் அனுப்புவது. விமான நிலையத்திலிருந்து நாற்பது நிமிஷ தூரத்தில் ஒரு தகரக் கூரை ஷெட். உள்ளே வரிசை வரிசையாகக் கண்ணாடித் தொட்டிகள். காற்றுக் குழாய்கள் நாளெல்லாம் முணுமுணுக்கும். தரை ஒருபோதும் காய்ந்ததில்லை. ரப்பர் பூட்ஸ் போட்டுப் போட்டு அம்மாவின் பாதம் எப்போதும் வெளுத்து, ஊறின மாதிரியே இருக்கும். மகளுக்கு மூன்று வயதாக இருக்கும்போது தொட்டி கழுவப் போனவள் அவள். நான்கு வருஷம் கழுவினாள். பிறகு ஆக்சிஜன் மேசைக்கு வந்தாள். அந்தப் பெட்டிகளை விமானச் சரக்குக் கூடத்துக்கு வேனில் கொண்டு போனது அப்பா.

பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், இரண்டு பங்கு ஆக்சிஜன். வாயை முறுக்கி, மடக்கி, ரப்பர் பேண்டால் முடிச்சு. அந்த முடிச்சைப் போட்ட நொடியிலிருந்து மீனுக்கு அதற்குள் இருக்கிற மூச்சுதான். அடுத்த ஊரில் யாரோ ஒருவர் அதை அவிழ்க்கிற வரை. எனவே தூரம் என்று எதைச் சொன்னாலும் அம்மா அதை மூச்சாக மாற்றித்தான் புரிந்துகொள்வாள். இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர் என்றால் உதட்டைப் பிதுக்குவாள். "அது காக்காய்க்கு. எனக்கு முடிச்சுல இருந்து முடிச்சு சொல்லு."

முடிச்சிலிருந்து முடிச்சு என்பதில் எல்லாம் அடங்கும். பெட்டி ஒட்டும் நேரம், அப்பாவின் வேன், சரக்குக் கூடத்தின் வரிசை, விமானம், இறங்கின பிறகு சுங்கம், அங்கிருந்து கடைக்காரனின் தொட்டி. நான்கு மணி நேர விமானம் அவள் கணக்கில் பதினொன்றாகும், பன்னிரண்டாகும். அதன் மேல் மூன்று மணி நேரம் கூட்டுவாள். அந்த மூன்று மணி நேரம் யாருக்கு என்று ஒருமுறை முதலாளி கேட்டதற்கு, "டீ குடிக்கப் போற ஆபீசருக்கு" என்றாளாம்.

ஊர்களின் பெயர் அவள் வாயில் நுழையாது. சீட்டில் இருக்கிற மூன்றெழுத்துக் குறி தெரியும். மற்றபடி ஊர்களுக்கு அவளே பெயர் வைத்திருந்தாள். பெட்டியை ஓடுதளத்து ஓரத்தில் வெயிலில் போட்டுவிடுகிற ஊருக்கு 'வறுக்கிற ஊர்'. வார இறுதியில் சுங்கம் திறக்காத இடம் 'தூங்குமூஞ்சி'. இறங்கின ஒரு மணி நேரத்தில் பெட்டியை விட்டுவிடும் ஒரு சின்ன விமான நிலையத்துக்கு 'மாப்பிள்ளை வீடு' என்று பெயர்; எதிலும் குறை சொல்ல மாட்டார்களாம். கதவுக்குப் பின்னால் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு பட்டியல். குறி, மணி, ஒரு பைக்கு எத்தனை மீன். நாற்பது வரிகள். புதிதாக வந்த பெண்கள் அதைப் பார்த்துத்தான் கட்டினார்கள்.

மேலே போனால் பை உப்பும் என்பதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. முதல் வருஷம், விம்மும் வரை காற்று நிரப்பி அனுப்பிய பைகளில் பாதி வெடித்துத் திரும்பின. கிழிந்த பை ஒன்றை மூன்று நாள் கையில் வைத்துக்கொண்டு திரிந்தாள். நான்காம் நாள், பையின் தோளை அழுத்தினால் இரண்டு விரல் உள்ளே போக வேண்டும் என்று சொன்னாள். அதன் பிறகு வெடிக்கவில்லை. விமானத்தின் வயிற்றுக்குள் காற்றழுத்தம் எவ்வளவு குறையும், பை எத்தனை சதவீதம் விரியும் என்பதையெல்லாம் மகள் கல்லூரியில் படித்தபோது கணக்குப் போட்டுப் பார்த்தாள். விடை இரண்டு விரல்தான் வந்தது.

மேசையில் கட்டும் ஒவ்வொருவருக்கும் ஒரு எண். பெட்டியின் பக்கவாட்டில் அது இருக்கும். எந்தப் பெட்டியில் மீன் செத்தாலும் யார் கை என்று தெரிந்துவிடும். அம்மா எண் நான்கு. வாங்குகிறவர்கள் சிலர் எண்ணைச் சொல்லியே கேட்பார்கள். 'நான்காம் எண் கட்டட்டும்.' அந்தச் சீட்டுகளை அம்மா பத்திரப்படுத்தினதில்லை. ஆனால் அன்று வீட்டுக்கு வரும்போது பூட்ஸைக் கழற்றும் விதத்திலேயே தெரியும்.

மகளுக்குப் பதினேழு வயது. பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்து இரண்டு வாரம். காலே தரையில் பாவவில்லை. அப்போதுதான் மேற்கில் ஒரு புது விமான நிலையத்துக்கு, ஒரு புதுக் கடைக்காரருக்கு, முதல் பெட்டிகள் போக வேண்டியிருந்தது. அம்மாவுக்குப் பழக்கமில்லாத தடம்; மற்றவற்றின் நேரமெல்லாம் அனுப்பி அனுப்பித் தெரிந்துகொண்டது. கால அட்டவணையை வீட்டுக்குக் கொண்டுவந்து மகளிடம் கொடுத்தாள். புறப்பாடு மதியம் ஒன்று இருபது. சேர்வது மூன்று ஐந்து. மகள் நின்றபடியே சொன்னாள்: "ஒன்னே முக்கால் மணி நேரம்மா. பக்கம்தான்."

"நல்லாப் பாத்தியா?"

"கழித்தல் கணக்கும்மா இது. சின்னப் புள்ளை போடும்."

அம்மா கூட்டினாள். கட்டி ஏற்ற நான்கு, விமானம் ஒன்றே முக்கால், இறங்கினபின் மூன்றே கால். ஆக ஒன்பது. டீ குடிக்கிற ஆபீசருக்கு மூன்று. பன்னிரண்டு மணி நேர மூச்சு. அதற்குத் தக்கபடி பைக்கு மீனைச் சற்றுத் தாராளமாகவே போட்டாள்.

அட்டவணையில் புறப்படும் நேரம் இந்த ஊர் கடிகாரம். சேரும் நேரம் அந்த ஊர் கடிகாரம். நடுவில் மூன்றரை மணி நேர வித்தியாசம். விமானம் பறந்தது ஐந்தே கால் மணி நேரம். சுங்கத்தில் வழக்கம்போல இரண்டு மணி நேரம் தாமதம். அதற்காகத்தான் அம்மா மூன்று மணி நேரம் வைத்திருந்தாள். அதை மகளின் கணக்கு முன்னாலேயே தின்று தீர்த்திருந்தது. பதினான்கரை மணி நேரம் கழித்து முடிச்சை அவிழ்த்தபோது, அறுநூறு மீனில் நானூற்றுப் பத்து மிதந்தன.

கடைக்காரர் படம் எடுத்து அனுப்பினார். கீழே ஒரே வரி: எண் 4 கட்டிய பெட்டி இனி என் கடைக்கு வரக் கூடாது.

ஒன்றே முக்கால் என்று யார் சொன்னது என்று முதலாளி கேட்டார். அட்டவணையைத் தானே பார்த்ததாக அம்மா சொன்னாள். "நீதான் நாப்பது தடத்தைக் கட்டிப் பாத்தவளாச்சே, உனக்கா தெரியல?" என்று அவர் திரும்பக் கேட்டபோது, கண் தூங்கிவிட்டது என்றாள். வேனைக் கழுவிக்கொண்டிருந்த அப்பா இதையெல்லாம் கேட்டுவிட்டு வந்து மகளிடம் சொன்னார். அம்மா வீட்டில் அதைச் சொல்லவே இல்லை. மறுநாள் முதல் அவள் மறுபடி தொட்டி கழுவினாள். ஏழு மாதம். அவள் பட்டியலைப் பார்த்து மற்றவர்கள் கட்டினார்கள்.

மகள் அழுதாள். முதலாளியிடம் போய் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்று செருப்பை மாட்டினாள். அம்மா வாசலில் குறுக்கே உட்கார்ந்துகொண்டாள்.

"உன் பேரை அங்க இழுத்தா, நாளைக்கு எந்தக் கணக்குப் போட உக்காந்தாலும் உனக்குக் கை நடுங்கும். என் கை தண்ணிலயே கிடந்து மரத்தது. அது நடுங்காது. போ, போய் உள்ள உக்காரு."

உள்ளே உட்கார்ந்தவளின் முன்னால் நாற்பது தடங்களின் அட்டவணையையும் கொண்டுவந்து போட்டாள். தப்புப் போட்டவள்தான் திருத்த வேண்டும் என்றாள். ஒவ்வொரு ஊருக்கும் கடிகாரம் எவ்வளவு முன்னே, எவ்வளவு பின்னே என்று மகள் நூலகத்தில் தேடி எழுதினாள். நான்கு மாலைகள் ஆயின. கதவுக்குப் பின்னால் இருந்த பட்டியலில் ஒரு பத்தி கூடியது. அதை எழுதப் போனதும் அம்மாதான். தொட்டி கழுவுகிற ஈரக் கையோடு. சுண்ணாம்புக் கட்டி கரைந்ததாம், இரண்டு முறை எழுத வேண்டியிருந்ததாம். அந்த வாரத்தைப் பற்றி வீட்டில் அதன் பிறகு பேச்சே இல்லை. கோபத்தில்கூட அம்மா அதை எடுத்து வீசியதில்லை. வாய்க்கு வாய் பேசுகிற பெண்ணிடம், கையில் அப்படி ஒரு கல்லை வைத்துக்கொண்டு, பத்தொன்பது வருஷம் எறியாமல் இருந்தாள்.

ஏழு மாதத்துக்குப் பிறகு மேசை திரும்பக் கிடைத்தது. மற்ற ஊர்களுக்கெல்லாம் நான்காம் எண் போனது. மேற்கே அந்த ஒரு ஊருக்கு மட்டும் போகவில்லை. அந்த ஊருக்கு அவள் பெயர் எதுவும் வைக்கவில்லை. 'அங்க' என்று மட்டும் சொல்வாள்.

மகள் படித்து முடித்து ஒரு விமான நிறுவனத்தின் பயணத் திட்டப் பிரிவில் சேர்ந்தாள். இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே எந்த வழி, என்ன உயரம், எவ்வளவு எரிபொருள், எத்தனை நிமிஷம் என்று நாள்தோறும் கணக்கிடுகிற வேலை. தூரம் மாறாது. நேரம் தினமும் மாறும். மேற்கே போகும்போது எதிர்காற்று இழுத்துப் பிடிக்கும், கிழக்கே வரும்போது பின்னாலிருந்து தள்ளும். நேர்முகத் தேர்வில், பயண நேரம் என்றால் என்ன என்று கேட்டார்கள். மற்றவர்கள் பறக்கும் நேரத்தைச் சொன்னார்கள். விமானச் சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த கட்டையை எடுத்ததிலிருந்து அந்தப் பக்கம் மறுபடி கட்டை வைக்கும் வரை என்று இவள் சொன்னாள். எந்தப் பேராசிரியர் சொல்லிக் கொடுத்தார் என்று கேட்டார்கள். மீன் கட்டுகிற ஷெட்டில் கற்றது என்று சொல்ல அன்று வாய் வரவில்லை. பிறகு பல பேரிடம் சொல்லியிருக்கிறாள்.

ஒவ்வொரு விடையையும் இரண்டாவது முறை வேறு வழியில் போட்டுப் பார்க்காமல் அவள் அனுப்புவதில்லை. கை நடுங்குவதும் இல்லை.

செய்தித்தாள் வெட்டிய அந்த ஞாயிற்றுக்கிழமை, திரும்பும் விமானத்தில் அவள் ஒரு கடிதம் எழுதினாள். மேற்கே அந்தக் கடைக்காரருக்கு. பத்தொன்பது வருஷமாக எழுதியிருக்கலாம். அம்மா வாசலில் குறுக்கே உட்கார்ந்தது நினைவுக்கு வரும், விட்டுவிடுவாள். இப்போது வருஷக் கடைசிக்கு மூன்று மாதம்தான் இருந்தது. அலுவலகத்தில் விபத்து அறிக்கை எழுதுகிற மாதிரியே எழுதினாள். புறப்பாடு இத்தனை, சேர்வது இத்தனை, கடிகார வித்தியாசம் இத்தனை, கழித்தவள் நான், வயது பதினேழு. எண் நான்கு தனக்குச் சொல்லப்பட்ட நேரத்துக்குச் சரியாகவே கட்டினார். கடைசியில் மன்னிப்புக் கேட்டு ஒரு வரி சேர்த்தாள். நான்கு பத்தி.

ஆறு நாள் கழித்து, மதிய உணவு நேரத்தில், அம்மா கூப்பிட்டாள். அந்த நேரத்தில் கூப்பிடுகிற வழக்கமே இல்லை. பின்னால் காற்றுக் குழாய் முணுமுணுத்தது.

"அங்க இருந்து ஆர்டர் வந்திருக்குடி. நாலாம் நம்பர் கட்டட்டும்னு போட்டிருக்கான். முதலாளி ரெண்டு தடவை படிச்சுக் காட்டினாரு."

மகள் சந்தோஷம் என்றாள்.

"திடீர்னு இவனுக்கு எங்கிருந்து ஞானம் வந்துச்சு? உனக்கு ஏதாச்சும் தெரியுமா?"

"எனக்கு... எனக்கு என்னம்மா தெரியும்?"

 

"பொய் சொன்னா உனக்கு மூணு வயசுல இருந்தே வாய் குழறும். சரி விடு." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நான் சொன்ன பொய்யை நீ உடைச்சிட்ட. பரவால்ல. ரொம்ப நாள் ஓடின பொய்தான்."

அதன் பிறகு வேலைப் பேச்சு. இப்போது அந்தத் தடத்தில் விமானம் எவ்வளவு நேரம் என்று கேட்டாள். மகள் கணினியில் பார்த்து, அந்த வாரத்து எதிர்காற்றையும் சேர்த்து, ஐந்து மணி இருபத்தைந்து நிமிஷம் என்றாள். வேறு வழியில் போட்டுப் பார்த்தாயா என்று அம்மா கேட்டாள். பார்த்தேன் என்றாள் மகள். இருவரும் சிரித்தார்கள். பெட்டிகள் அடுத்த வெள்ளிக்கிழமை போக வேண்டும். மீன்களைத் தனித் தொட்டியில் பிரித்துவிடப் போவதாகவும், இரண்டு நாள் முன்னால் தீனியை நிறுத்த வேண்டும் என்றும் சொல்லிவிட்டு அம்மா வைத்தாள்.

புதன்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு, கவிழ்த்துப் போட்ட ஒரு கூடை மேல் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார் மருத்துவர். வலி தெரிந்திருக்காது என்றார். அவள் முன்னால் இருந்த தொட்டியில் அன்று காலைதான் தீனியை நிறுத்தியிருந்தாள்.

மகள் வந்து சேர விமானக் கணக்கில் மூன்று மணி ஆறு நிமிஷம். கிழக்கே வர வழக்கமாக ஆகும் நேரத்தைவிட இருபத்து நான்கு நிமிஷம் குறைவு. அன்று பணியிலிருந்த சக ஊழியர், யாரிடமும் சொல்லாமல், காற்று நன்றாகத் தள்ளுகிற ஓர் உயரத்தைத் தேடிப் பிடித்துப் போட்டிருந்தார். திட்டத்தாளைப் பிறகு பார்த்தபோதுதான் தெரிந்தது. வாசலிலிருந்து வாசல் வரை ஒன்பது மணி நேரம். அதில் எங்கேயும் அவள் யார் மேலும் கோபப்படவில்லை. ஆர்டர் வந்ததை அம்மா கூப்பிட்டுச் சொன்ன பிறகு நடந்தது இது என்பதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு வந்தாள்.

எல்லாம் முடிந்து சனிக்கிழமை ஷெட்டுக்குப் போனாள். பெண்கள் கட்டிக்கொண்டு அழுதார்கள். முதலாளி எழுந்து நின்றார். அந்தப் பெட்டிகளை ஏழாம் நம்பரைக் கட்டச் சொன்னதாகவும், அக்கா எண்ணை எழுதித் தான் கட்ட மாட்டேன், தன் எண்ணை எழுதியும் கட்ட மாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டதாகவும் சொன்னார். மேற்கே தகவல் சொன்னாராம். கடைக்காரர் அவசரமில்லை என்றாராம். மீன்களுக்கு மறுபடி தீனி போட்டாகிவிட்டது. மகள் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். சுண்டுவிரல் நகம் அளவு மீன்கள், நீலக் கோடு போட்டவை, ஆள் வந்ததும் தீனிக்கு மேலே வந்தன. அன்று கணக்கைத் தப்பாகப் போட்டவளும், இப்போது கடைக்காரருக்குக் கடிதம் எழுதினவளும் தான்தான் என்று முதலாளியிடம் சொன்னாள். அவர் தலையசைத்தார்.

"அன்னிக்கே தெரியும் பாப்பா. உங்கம்மா கண்ணு தூங்கற கண்ணா? ஆனா அவ அப்படிச் சொன்னப்புறம் நான் என்ன கேக்க முடியும்?"

ஞாயிற்றுக்கிழமை, சான்றிதழ் ஒன்றுக்காக அம்மாவின் அடையாள அட்டை தேவைப்பட்டது. அப்பா அவள் கைப்பையைக் கொண்டுவந்து மேசை மேல் வைத்தார். தான் திறக்க மாட்டேன் என்றார். இத்தனை வருஷமும் அதற்குள் கைவிட்டால் திட்டு விழும், இப்போது மட்டும் என்ன. மகள் திறந்தாள். அட்டையோடு ஒட்டிக்கொண்டு ஒரு சின்ன ரசீது வந்தது. முத்திரை செய்கிற கடை. ரப்பர் முத்திரை ஒன்று. எழுத்து: 4. அளவு: பெரியது. தரும் நாள்: வியாழன், மாலை ஐந்துக்கு மேல்.

ஷெட்டில் இப்போது எல்லோரும் பேனாவால்தான் எண்ணை எழுதுகிறார்கள். முத்திரை யாரிடமும் இல்லை. மகள் நிமிர்ந்து பார்த்தாள். அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. செவ்வாய்க்கிழமை அவரும் கூடப் போயிருந்தார். வெறும் நாலா, பெயர், முகவரி ஏதும் வேண்டாமா என்று முத்திரைக் கடைக்காரர் கேட்டாராம். அது போதும், பார்க்கிறவனுக்குப் புரியும் என்று அம்மா சொன்னாளாம். அளவு காட்ட உள்ளங்கையை விரித்து வைத்தாளாம். அவ்வளவு பெரிது வராது என்று அவர் சொல்ல, வருகிற அளவுக்கு வரட்டும் என்றாளாம்.

"வியாழக்கிழமை நான் வேனை எடுத்துட்டு வரேன், சேந்து போலாம்னேன்" என்றார் அப்பா. "வேண்டாம், என் முத்திரையை நானே போய் வாங்கிக்கறேன்னா."

கடை இரண்டு தெரு தள்ளி. ஞாயிறு விடுமுறை. முத்திரை அங்கேதான் இருக்கிறது. இன்னும் யாரும் போய் வாங்கவில்லை.